சென்சர் லைட் எரியுது, இஃப் ஏன் பார்க்குதில்லை?

கேள்வி | 3 பெப்ரவரி 2025, இரவு 9.40

அண்ணை, கொழும்பு கிராண்ட்பாஸில் ஒரு பொலித்தீன் பை வெட்டுகிற மெசின். பழைய மெசின்தான், சேர்வோ மோட்டரும் அதன் நகர்வைக் கட்டுப்படுத்துகிற மோஷன் கொன்ட்ரோலரும் புதிதாகப் போட்டோம். சுருளில் 350 மில்லிமீற்றருக்கு ஒரு கறுப்பு மார்க். மார்க்கைக் கண்டால் நிற்க வேண்டும், கத்தி இறங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மேசையில் வைத்துக் கையால் இழுத்தால் நூற்றுக்கு நூறு சரி. மெசினில் ஓடவிட்டால் மார்க்கைக் கண்டுகொள்ளாமல் போகிறது. சென்சரின் லைட் எரிவதை என் கண்ணால் பார்க்கிறேன். புரோகிராமில் இஃப் (if), ‘மார்க் இருந்தால் நிறுத்து’ என்ற வரி, தெளிவாக இருக்கிறது. கொன்ட்ரோலர் பழுதுதானே? வாங்கிய கடையில் போய்ச் சண்டை பிடிக்கட்டுமா?

3 பெப்ரவரி, இரவு 10.15

சண்டை பிடிக்காதே. புரோகிராமைப் போடு. என் ஊகம்: முதல் வரி நகரச் சொல்கிறது, இரண்டாம் வரி நகர்ந்து முடியும்வரை காத்திருக்கச் சொல்கிறது, மூன்றாம் வரியில் உன் இஃப் இருக்கிறது. சரியா?

4 பெப்ரவரி, காலை 8.30

சரியாம். சுதந்திர தினம், விடுமுறை, ஆறுதலாக எழுதுகிறேன்.

தம்பி, உன் இஃப் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. நீ கேட்ட கேள்விக்கு அது பதில் சொல்கிறது, ஆனால் கேட்ட நேரம்தான் பிழை. நகர்வு முடியும்வரை காத்திரு என்ற வரியில் புரோகிராம் குந்திக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் மார்க் வருகிறது, லைட் எரிகிறது, மார்க் போய்விடுகிறது. நகர்வு முடிந்த பிறகு இஃப் எட்டிப் பார்க்கிறது, சென்சரிலிருந்து வருகிற உள்ளீடு பூச்சியம். ‘மார்க் இல்லை’ என்று சொல்கிறது. அந்தக் கணத்தில் அது உண்மைதான்.

சிலர் இதைக் கேட்டதும் காத்திருக்கிற வரியைத் தூக்கிவிடுவார்கள். நானும் அப்படிச் செய்தவன். அப்போது என்ன நடக்கும் என்றால், நகர்வுக் கட்டளையைக் கொடுத்த அடுத்த மில்லிசெக்கனிலேயே இஃப் ஒரே ஒரு தடவை பார்க்கும், மோட்டர் அசையக்கூடத் தொடங்கியிருக்காது, மார்க் இன்னும் தூரத்தில், பதில் ‘இல்லை’, புரோகிராம் கீழே போய்விடும். முதலாவதில் பஸ் போன பிறகு ஹோல்டுக்கு வந்தோம், இரண்டாவதில் பஸ் வருமுன் எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

கணினியில் புரோகிராம் எழுதிப் பழகினவர்களுக்கு இது உடனே பிடிபடாது. அங்கே ஒரு வரி முடிந்தால் அந்த வேலை முடிந்தது. இங்கே நகர்வுக் கட்டளை என்பது வேலையைத் தொடக்கிவிட்டு உடனே திரும்பி வருகிற வரி. அச்சு, அதாவது மோட்டர் நகர்த்துகிற பகுதி, தன் பாட்டில் ஓடும், புரோகிராம் தன் பாட்டில் ஓடும். கலில் (Galil) கம்பனியின் மாதிரிக் கொன்ட்ரோலர்களில் இதற்கு பிஜி (BG), ஏஎம் (AM) என்று இரண்டு தனிக் கட்டளைகளே உண்டு: ஒன்று ஓடத் தொடங்கு, மற்றது ஓடி முடியும்வரை நில். இரண்டுக்கும் இடையில் என்ன எழுதுகிறாய் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எனவே: நகர்வைத் தொடக்கு. அச்சு ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒரு சுற்றுக்குள் (லூப்) இரு, அதாவது அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டு. ஒவ்வொரு சுற்றிலும் மார்க்கைப் பார். கண்டால் நிறுத்து, வெளியே வா. இன்று கடை மூடியிருக்கும், நாளைக்குச் செய்து பார்.

4 பெப்ரவரி, மாலை 6

காலையில் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன், பிளேன்ரீ குடிக்கும்போதுதான் உறைத்தது. சுற்று எழுதினால் நிற்கும், ஆனால் ஒரே இடத்தில் நிற்காது.

கணக்கைப் பார். சுருள் செக்கனுக்கு 300 மில்லிமீற்றர் ஓடுகிறது என்று வைப்போம். உன் சுற்று ஒருமுறை சுற்றி வர 10 மில்லிசெக்கன் எடுத்தால் அதற்குள் பொலித்தீன் 3 மில்லிமீற்றர் போய்விடும். மார்க் சுற்றின் தொடக்கத்தில் வந்ததா கடைசியில் வந்ததா என்பதைப் பொறுத்து 0 முதல் 3 மில்லிமீற்றர்வரை பிழை மாறிக்கொண்டே இருக்கும். நிறுத்து என்று சொன்ன பிறகும் மெசின் உடனே நிற்காது. வேகக் குறைப்பு செக்கன் வர்க்கத்துக்கு 3000 மில்லிமீற்றர் என்றால் நிற்க 15 மில்லிமீற்றர் வேண்டும். அந்த 15 பெரிய எண்தான், ஆனால் அதைப் பற்றிக் கவலைப்படாதே. அது எப்போதும் 15. சென்சரை 15 மில்லிமீற்றர் தள்ளி வைத்தால் கதை முடிந்தது. உன்னைக் கொல்லப் போவது அந்தச் சின்ன 3. அது ஒவ்வொரு பைக்கும் வேறு வேறு.

6 பெப்ரவரி, இரவு 11

தம்பி செய்து பார்த்திருக்கிறான். பத்துப் பைகளில் ஏழு நிற்கிறது, மூன்று தவறுகிறது. புரோகிராமைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றுக்குள்ளே, பரிசோதனைக்காக, ஒவ்வொரு தடவையும் உள்ளீட்டின் நிலையைத் திரையில் அச்சிடச் சொல்லி ஒரு வரி. அந்த வரிதான் முழு நேரத்தையும் தின்கிறது. மார்க்கின் அகலம் 5 மில்லிமீற்றர். 300 வேகத்தில் அது சென்சரைக் கடக்க ஏறக்குறைய 17 மில்லிசெக்கன். சுற்று அதைவிட நீளமாகப் போனால் இரண்டு பார்வைகளுக்கு நடுவில் மார்க் முழுதாகத் தப்பிவிடும். நோயைப் பார்க்க வைத்த கருவியே நோயாகிவிட்டது.

அந்த வரியைத் தூக்கு. பிறகு, முடிந்தால் இந்தச் சுற்றையும் தூக்கு. உன் கொன்ட்ரோலரில் அதிவேக உள்ளீடு இருக்கிறதா, பொசிஷன் லாட்ச் இருக்கிறதா என்று கையேட்டில் பார். லாட்ச் என்றால் உள்ளீடு மாறின அந்தக் கணத்தில் என்கோடரின் (அச்சு எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணுகிற கருவி) எண்ணை வன்பொருளே பிடித்து வைத்துக்கொள்ளும். புரோகிராம் பிந்தி வந்து கேட்டாலும் பிடித்த எண் மாறாது. அப்போது உன் இஃப் ‘இப்போது மார்க் இருக்கிறதா’ என்று கேட்கத் தேவையில்லை, ‘மார்க் வந்துபோனதா, எங்கே’ என்று கேட்டால் போதும். பத்து மில்லிசெக்கன் பிந்திக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். பிடித்த எண்ணோடு கத்திக்குள்ள தூரத்தைக் கூட்டி, அதையே புதிய இலக்காகக் கொடு. அந்தத் தூரம் மட்டும் நிற்கத் தேவைப்படும் 15-ஐவிடத் தாராளமாக இருக்கட்டும்.

7 பெப்ரவரி, மதியம்

வேறொருவர் கேட்டிருக்கிறார், இஃபுக்குள் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்து எழுதினால் ஒருபோதும் உண்மையாவதில்லை, ஏன் என்று. அடைப்புக்குறி, ஐயா, அடைப்புக்குறி.

கலிலில் பெருக்கலுக்கு முன்னுரிமை கிடையாது, எல்லாம் இடமிருந்து வலம். 2+3*4 என்று கேட்டால் 20 என்று சொல்லும். பள்ளிக்கூடத்துக் கணிதம் அங்கே செல்லாது. அதே விதியில் ‘அ=1 & ஆ=2’ என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் என்ன ஆகும்? முதலில் அ=1, அது உண்மை, ஆகவே 1. பிறகு அந்த 1-ஐயும் ஆ-வின் மதிப்பான 2-ஐயும் பிற்றுப் பிற்றாக (இருமத்தில் 01, 10) ‘அன்ட்’ செய்தால் 0. பிறகு 0=2? இல்லை. இரண்டும் உண்மையாக இருக்கும்போதுகூட அது பொய் என்கிறது! இதில் எனக்கு இரண்டு நாள் போனது. வயரைப் பிடுங்கினேன், சென்சரை மாற்றினேன், புறக்கோட்டையில் அலைந்து புது ரிலேகூட வாங்கினேன். பிழை நான் போடாமல் விட்ட நான்கு அடைப்புக்குறிகளில் இருந்தது. ரிலே இப்போதும் லாச்சிக்குள் புத்தம் புதிதாக இருக்கிறது.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்கிறேன். பொசிஷனைச் ‘சமம்’ போட்டு ஒப்பிடாதீர்கள். 1000 கோடுள்ள என்கோடர், நான்கு மடங்காக எண்ணினால் மோட்டரின் ஒரு சுற்றுக்கு 4000 எண்ணிக்கை. திருகுக்கம்பியின் புரி 5 மில்லிமீற்றர் என்றால் மில்லிமீற்றருக்கு 800 எண்ணிக்கை. செக்கனுக்கு 300 மில்லிமீற்றர் ஓடும்போது ஒவ்வொரு மில்லிசெக்கனுக்கும் 240 எண்ணிக்கை பாய்கிறது. சரியாக 80000 என்ற எண்ணில் இருக்கும்போது உங்கள் இஃப் கண்ணைத் திறக்கும் என்று எதிர்பார்ப்பது சுவீப் விழும் என்று கடன் வாங்குகிற மாதிரி. ஓடும்போது ‘தாண்டிவிட்டதா’ என்று கேளுங்கள். நின்ற பிறகு ‘எவ்வளவு கிட்ட’ என்று கேளுங்கள், ஏனென்றால் நின்ற சேர்வோவும் ஓரிரு எண்ணிக்கை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டுதான் நிற்கும்.

9 பெப்ரவரி, இரவு 8

நாடு முழுக்கக் கரண்ட் போய், இப்போதுதான் வந்தது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதாம், அமைச்சரே சொல்லியிருக்கிறார். பூமாலையைப் பிய்த்தால் பரவாயில்லை, கிரிட்டையே பிய்த்துவிட்டது.

ஞாயிறு என்று பாராமல் இரத்மலானைப் பட்டறையில் பலகை வெட்டுகிற ரூட்டரை ஓட்டிக்கொண்டிருந்தேன். பதினொன்றரை போல எல்லாம் நின்றது. பலகை வீணாகிவிட்டது, ஆனால் மெசினுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்குக் காரணம் 2022இல் வாங்கின அடி.

அந்த வருடம் மின்வெட்டு தெரியும்தானே, மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம்வரை போனது. அப்போது ஒரு துளையிடுகிற மெசினுக்கு, ஒவ்வொரு முறையும் ஹோம், அதாவது பூச்சியப் புள்ளி, போய் வர நேரம் ஆகிறது என்று, ‘ஹோம் ஆகிவிட்டது என்றால் ஹோமைத் தாண்டிப் போ’ என்று ஓர் இஃப் எழுதியிருந்தேன். கெட்டித்தனமாக மற்ற மாறிகளோடு சேர்த்து ‘ஹோம் ஆகிவிட்டது’ என்று குறித்து வைக்கிற கொடியையும் கரண்ட் போனாலும் அழியாத நிலையான நினைவகத்தில் எரித்துவிட்டேன். கரண்ட் போனது, வந்தது. என்கோடரின் எண் பூச்சியமாகிவிட்டது. கொடி மட்டும் ‘ஹோம் ஆகிவிட்டது’ என்று அப்படியே நிற்கிறது. அச்சு நடுவழியில் நிற்க, கொன்ட்ரோலர் அதுதான் பூச்சியம் என்று நம்பி, மறுபக்கத்துக் கிளாம்பைத் தேடிப்போய் முட்டியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தகரப் பீப்பாயை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி.

கரண்டோடு சாக வேண்டிய மாறி கரண்டோடு சாகட்டும்.

10 பெப்ரவரி

இன்றும் ஒன்றரை மணித்தியாலம் வெட்டு. எழுத நினைத்தது நாளைக்கு. நாளைக்குத் தைப்பூசம், அதுவும் சந்தேகம்.

13 பெப்ரவரி, இரவு 10.30

இன்னொரு கேள்வி, இது பிஎல்சி (தொழிற்சாலை மெசின்களை ஓட்டுகிற கட்டுப்பாட்டுக் கணினி) ஆள். அச்சைக் குறித்த இடத்துக்கு நகர்த்துகிற ‘எம்சி மூவ் அப்சொலூட்’ புளொக்கை இஃபுக்குள் வைத்திருக்கிறார். முதல் தடவை அச்சு ஓடுகிறது, இரண்டாம் தடவை அசைவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. மெசினை அணைத்துப் போட்டால் திரும்பவும் ஒரே ஒரு தடவை.

பிஎல்சிஓபன் என்ற பொதுத் தரத்தில் வருகிற இந்த வகைப் புளொக்குகளில் ‘எக்ஸிகியூட்’ உள்ளீடு 1 ஆக இருப்பதைப் பார்ப்பதில்லை, 0இலிருந்து 1க்கு ஏறுவதைத்தான் பார்க்கிறது. ஏற்றத்தை அறிய இறங்கினதையும் அது கண்டிருக்க வேண்டும். நீங்கள் புளொக்கை அழைப்பதே இஃப் உண்மையாக இருக்கும்போது மட்டும். பொய்யானதும் அழைப்பு நின்றுவிடுகிறது. 0 ஆனது என்று அதற்கு யார் சொன்னது? கடைசியாகக் கேட்ட 1-ஐயே பிடித்துக்கொண்டு நிற்கிறது. அடுத்த தடவை நீங்கள் திரும்ப 1 கொடுத்தால், ‘அதுதான் தெரியுமே’ என்று பேசாமல் இருக்கும்.

புளொக்கை இஃபுக்கு வெளியே எடுங்கள், ஒவ்வொரு சுழற்சியிலும் அழையுங்கள், நிபந்தனையை எக்ஸிகியூட்டுக்குக் கொடுங்கள்.

படி படியாகப் போகிற வேலைக்கு இஃபுக்குள் இஃபாக அடுக்காமல் ‘கேஸ்’ போட்டு, படி 10, படி 20 என்று எண் வையுங்கள். மெசின் நின்றால் எந்தப் படியில் நிற்கிறது என்று ஒப்பரேட்டர் போனில் சொல்லிவிடுவார். நள்ளிரவு ஒரு மணிக்கு அழைப்பு வரும்போது இதன் அருமை தெரியும்.

16 பெப்ரவரி, காலை

மெசினுக்கு நகர்வுகளை வரிவரியாகச் சொல்கிற ஜி கோடில் இஃப் போடலாமா என்று கேட்டவருக்கு: எந்த மெசின் என்பதைப் பொறுத்தது. ஜிஆர்பிஎல் (GRBL) என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் என்றால் இஃப் கிடையாது, நிபந்தனை எல்லாம் வரிகளை அனுப்புகிற கணினியில்தான். லினக்ஸ் சிஎன்சி என்றால் ஓ எண்ணோடு இஃப், எல்ஸ், என்டிஃப் எல்லாம் உண்டு.

ஆனால் அங்கேயும் என் பழைய புலம்பல்தான், வேறு உடுப்பில். ஜி கோடை வாசிக்கிற பகுதி மெசினுக்கு முன்னால் ஓடுகிறது. கட்டர் முதலாம் வரியில் இருக்கும்போது வாசிப்பு பலவரி தாண்டிப் போயிருக்கும், அப்படிப் போனால்தான் வளைவுகளில் வேகம் குறையாமல் ஓட முடியும். ஆகவே நீங்கள் எழுதிய இஃப், கட்டர் அந்த இடத்துக்கு வருமுன்பே விடை எடுத்து முடித்திருக்கும். போன தடவை பிந்திப் போச்சு என்று அழுதோம், இங்கே முந்திப் போகிறது.

அதற்குத்தான் எம் 66 என்ற கட்டளை. ‘எம் 66 பி 0 எல் 3 கியூ 5’ என்றால் உள்ளீடு 0 உயர் நிலைக்கு வரும்வரை, அதிகமாக 5 செக்கன், காத்திரு. முன்னால் ஓடின வாசிப்பும் அங்கே நின்று மெசின் வந்து சேரும்வரை பொறுக்கும். விடை #5399 என்ற மாறியில் இருக்கும், நேரம் முடிந்துவிட்டால் அதில் -1. அந்த -1-ஐப் பார்க்கிற இஃபை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று, யாரோ அவசர நிறுத்தப் பொத்தானையும் இஃபில் போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். அது சாதாரண நேரத்தில் மூடியிருக்கிற தொடுகையாக, வயர் வழியாக, மோட்டரின் சக்தியை நேரடியாக வெட்ட வேண்டும். வேண்டுமென்றால் ஒரு உள்ளீட்டுக்கும் கொண்டுவாருங்கள், திரையில் செய்தி காட்ட மட்டும்.

22 பெப்ரவரி, இரவு 9

இன்று கிராண்ட்பாஸ் போனேன். லாட்ச் போட்டாயிற்று, பைகள் அரை மில்லிமீற்றருக்குள் வருகின்றன, ஆனால் இடைக்கிடை ஒரு பை பாதியில் வெட்டுப்படுகிறது. தம்பி மறுபடியும் கொன்ட்ரோலரைத் திட்டிக்கொண்டிருந்தான்.

மெசினில் நிற்கிற அக்கா சிங்களத்தில் சொன்னார், கடைப் பெயர் கடும் பிறவுணில் அடித்த சுருளுக்குத்தான் இப்படி வருகிறது, மஞ்சளுக்கு வருவதில்லை என்று. வெட்டின பைகளைத் தரையில் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே எழுத்துக்குப் பக்கத்தில் வெட்டுப்பட்டிருந்தன, பெயரின் தடித்த முதல் எழுத்து. சென்சருக்கு அதுவும் மார்க்தான். அதற்கு வாசிக்கத் தெரியாதே.

அக்கா மூன்று நாட்களாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். தம்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது ஒரு சன்னல் வைத்திருக்கிறோம். போன வெட்டிலிருந்து 335 மில்லிமீற்றர் தாண்டினால்தான் லாட்சைத் தயார்ப்படுத்து, 365க்குள் மார்க் வராவிட்டால் வராதது என்று எடுத்துக்கொள். முதல் எழுத்து 120இல் வருகிறது, அப்போது லாட்ச் தூங்கும். வராவிட்டால் என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் இழுபறி. உடனே நிறுத்து என்றான் அவன். ஒரு மார்க் மங்கலாக அச்சடித்ததற்கெல்லாம் மெசின் நின்றால் அக்கா இன்சுலேஷன் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து சென்சரின் வாயை மூடிவிடுவார் என்றேன் நான். கடைசியில்: ஒன்று தவறினால் 350 என்று எண்ணி வெட்டு, மூன்று தொடர்ந்து தவறினால் நிறுத்தி விளக்கைப் போடு. நடுவில் ஒன்று வந்தாலும் எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பட்டும்.

முன்பு எழுதியதற்கு ஒரு திருத்தமும் இருக்கிறது. 4ஆம் திகதி ‘அந்த 15 எப்போதும் 15’ என்றேன். சுருள் நிறையக் கனமாக இருக்கும்போதும் கடைசியில் மெலிந்திருக்கும்போதும் பொலித்தீன் ஒரே மாதிரி இழுபடுவதில்லை, ரோலரில் கொஞ்சம் வழுக்கும். அச்சு 15இல்தான் நிற்கிறது, பொலித்தீன் நிற்பதில்லை. ரோலரை அழுத்துகிற ஸ்பிரிங்கை இறுக்கியதும் பாதி சரியாகிவிட்டது. எந்த இஃபாலும் செய்ய முடியாத வேலை அது.

27 பெப்ரவரி, காலை 7

நேற்றுச் சிவராத்திரி, கண் எரிகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் மெசின் ஐந்து நாட்களாக ஓடுகிறது. மூன்று தவறினால் நிற்கிற விளக்கு இரண்டு தடவை எரிந்ததாம். இரண்டு தடவையும் சுருள் உண்மையிலேயே பிழையாக ஏற்றப்பட்டிருந்தது. அக்கா இப்போது விளக்கைப் பார்த்துத்தான் சுருளைத் திருப்புகிறார், டேப் லாச்சியில் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதிவிட்டு நேற்று இரவு கண் விழித்திருந்த நேரத்தில் என் துளையிடுகிற மெசினின் புரோகிராமைத் திறந்தேன். 2019இல் நான் எழுதியது. நடுவில் ஒரு இஃப், கிளாம்ப் பூட்டியிருந்தால் இறங்கு. எல்ஸ் கிடையாது. பூட்டாவிட்டால் பேசாமல் அடுத்த துளைக்குப் போகும், யாருக்கும் தெரியாது. பக்கத்தில் என் கையால் ‘தற்காலிகம்’ என்று ஒரு குறிப்பு.

பத்து மணிக்கு 100ஆம் நம்பர் பஸ் பிடித்து இரத்மலானைக்குப் போகிறேன். ஆறு வருடங்களாகத் துளை இல்லாமல் எத்தனை தகடு போயிருக்கும் என்று வாடிக்கையாளரிடம் கேட்பதா வேண்டாமா என்று மட்டும் இன்னும் முடிவெடுக்கவில்லை.